தேவையும் ஒப்புதலும்: யூத அரசு குறித்த காந்தி – பூபர் விவாதத்தின் அறத்தருக்கம்

ஆய்வுச்சுருக்கம்

பாலஸ்தீனத்தை யூதர்களின் தேசிய இல்லமாக்குவது அறமாகுமா என்னும் வினாவைக் காந்தியடிகள் 1938இலும், அவருக்கு மறுமொழியாக மெய்யியலாளர் மார்ட்டின் பூபர் 1939இலும் எழுதிய எழுத்துகள் எதிர்கொள்கின்றன. நிலத்தில் வாழ்வோரின் ஒப்புதலைக் காந்தியும், புகலற்றோரின் தேவையைப் பூபரும் அளவுகோலாகக் கொண்டனர். இவ்விரு வாதங்களின் வலிமையையும் குறையையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது. புகலற்றோரின் தேவை உலகத்தார் அனைவர்மீதும் கடமையைச் சுமத்துகிறது; அக்கடமையின் பெருஞ்சுமையை ஒரு மக்கள்மீது அவர்களைக் கேளாமலே ஏற்றியதுதான் இவ்விவாதத்தின் மைய அறச்சிக்கல் என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: சியோனியம், காந்தி, மார்ட்டின் பூபர், ஜார்ஜ் அந்தோனியஸ், ஒப்புதல், புகலிடம், இருதேசிய அரசு

முன்னுரை

தியோடர் ஹெர்சல் 1896இல் ‘யூத அரசு’ என்னும் நூலை வெளியிட்டார். மறு ஆண்டு பாசெல் நகரில் முதல் சியோனிய மாநாடு கூடியது. 1917 நவம்பர் 2ஆம் நாள் பால்ஃபர் அறிவிப்பின் வழியாகப் பிரித்தானிய அரசு, பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு தேசிய இல்லம் அமைவதற்கு ஆதரவு தெரிவித்தது. 1922ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அந்நாட்டு மக்களில் யூதர் ஏறத்தாழ 11 விழுக்காட்டினரே. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் குடியேற்றம் பெருகியது. 1936இல் அரபு மக்களின் கிளர்ச்சி வெடித்தது. 1938 ஜூலையில் எவியான் நகரில் 32 நாடுகளின் பேராளர்கள் கூடி அகதிகள் சிக்கலை ஆராய்ந்தனர். மிகப் பெரும்பாலான நாடுகள் கூடுதலாக எவரையும் ஏற்க முன்வரவில்லை. அவ்வாண்டு நவம்பர் 9, 10 நாள்களில் ஜெர்மனியெங்கும் யூதர்களின் தொழுகைக்கூடங்கள் எரியூட்டப்பட்டன.

இப்பின்னணியைப் புறந்தள்ளிப் படிப்போர், காந்தியை நடைமுறை அறியாதவர் என்றோ பூபரை ஆக்கிரமிப்பின் வழக்குரைஞர் என்றோ எளிதில் ஒதுக்கிவிடுகின்றனர். இருவருமே அறத்தை அரசியலுக்கு மேலாக வைத்தவர்கள். அவ்வாறிருந்தும் அவர்கள் ஒரே வினாவுக்கு எதிரெதிர் விடை கண்டது ஏன் என்பதே ஆராயத்தக்கது.

காந்தியின் வாதம்: ஒப்புதல்

1938 நவம்பர் 26ஆம் நாளிட்ட ‘ஹரிஜன்’ இதழில் யூதர்களைப் பற்றிய காந்தியின் கட்டுரை வெளிவந்தது. தம் பரிவு முழுதும் யூதர்பாலே என்று அவர் தொடங்குகிறார். கிறித்தவ உலகில் அவர்கள் பட்ட பாட்டை இந்துக்களிடையே நிலவும் தீண்டாமையோடு ஒப்பிடுகிறார். ஆயினும் அப்பரிவு நீதியின் கோரிக்கைகளைத் தம் கண்ணிலிருந்து மறைக்க இடங்கொடுக்க மறுக்கிறார். இங்கிலாந்து ஆங்கிலேயருக்கு உரியது போலப் பாலஸ்தீனம் அரபு மக்களுக்கு உரியது. அவர்களின் நல்லெண்ணத்தைப் பெற்றே யூதர் அங்குக் குடியேறலாம். பிரித்தானியத் துப்பாக்கியின் நிழலில் நுழைவது தவறு என்பது அவர் கருத்து. அரபுக் கிளர்ச்சியின் வன்முறையை அவர் நியாயப்படுத்தவில்லை என்பதும் நோக்கத்தக்கது.

இவ்வாதத்தின் வலிமை அதன் எளிமையில் உள்ளது. பேரரசு ஒன்று தனக்குச் சொந்தமல்லாத நாட்டை மூன்றாமவருக்கு வாக்களிக்க இயலாது என்னும் கொள்கையை, அப்பேரரசுக்கு எதிராகப் போராடிய ஒருவர் விட்டுக்கொடுத்திருக்க முடியாது. அதன் குறை, ஜெர்மானிய யூதருக்கு அவர் கூறிய அறிவுரையில் உள்ளது. தென்னாப்பிரிக்க இந்தியரைப்போல் அவர்கள் தாம் பிறந்த மண்ணிலேயே நின்று அறப்போர் நிகழ்த்த வேண்டும் என்கிறார். ஒப்புதலின்றி அயல்நாட்டுள் புகலாகாது என விலக்கியவர், புக இடமில்லாதவர் எங்குச் செல்வது என்னும் வினாவுக்கு, எங்கும் செல்ல வேண்டா என்றே விடை பகர்ந்தார்.

பூபரின் மறுப்பு: தேவையும் உழைப்பும்

1938 மார்ச்சில் ஜெர்மனியை விட்டு எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்திற்கு வந்த பூபர், 1939 பிப்ரவரி 24ஆம் நாள் காந்திக்கு மடல் வரைந்தார். இரு நாள்களுக்குப்பின் அப்பல்கலைக்கழகத்தின் தலைவர் ஜூடா மாக்னஸும் எழுதினார். அமைதிவாதியான மாக்னஸ், ஹிட்லரின் ஆட்சி தம் கொள்கையை உலுக்கியதை மறைக்கவில்லை. இவ்விரு மடல்களும் அவ்வாண்டே எருசலேமில் சிறுநூலாக வெளிவந்தன. காந்தியின் மறுமொழி எதுவும் கிடைக்கவில்லை.

தென்னாப்பிரிக்க ஒப்புமையைப் பூபர் தகர்க்கும் பகுதியே அம்மடலின் உச்சம். அங்குள்ள இந்தியருக்குப் பின்னால் தாய்நாடு ஒன்று நின்றது. யூதருக்கு அது இல்லை. அறப்போருக்குக் காண்போர் வேண்டும். வதைமுகாமில் யாரும் காணாது அழியும் உயிர் எவர் நெஞ்சையும் மாற்றுவதில்லை. அறப்போரின் வெற்றி எதிரியிடம் எஞ்சியுள்ள மனச்சான்றைச் சார்ந்தது என்னும் இத்திறனாய்வு இன்றும் மறுக்கப்படாதது.

நிலவுரிமை பற்றிய பகுதி அத்தகைய உறுதி கொண்டதன்று. அரபு மக்களும் ஒரு காலத்தில் வெற்றி கொண்டே அந்நிலத்தை அடைந்தனர் என்கிறார் பூபர். நிலம் இறைவனுடையது, மாந்தருக்கு அது இரவலாகவே தரப்படுகிறது என்கிறார். இறுதியில், இருதரத்தாரும் அதற்கு ஆற்றிய பணி யாதென அம்மண்ணையே கேட்குமாறு அறைகூவுகிறார். திருத்திப் பண்படுத்தியவருக்கே நிலம் என்னும் இவ்வாதத்தைக் குடியேற்ற நாடுகள் பலவும் பழங்குடியினருக்கு எதிராகப் பயன்படுத்தியுள்ளன. பூபர் ஆதிக்கம் நாடியவர் அல்லர். யூதரும் அரபியரும் சமமாக வாழும் இருதேசிய அமைப்பையே விழைந்தார். இரு கோரிக்கைகளும் மெய்யானவை. ஒன்றை மற்றொன்றால் அளக்க இயலாது. ஆயினும் இணக்கத்திற்கு வழி தேட வேண்டும் என்று அம்மடலிலேயே ஒப்புக்கொள்கிறார். ஆனால், அளவுகோல் இல்லை என்றவரே மண்ணின் சாட்சியை அளவுகோலாக்கியது அவர் வாதத்தின் உள்முரண்.

இம்முரண் பூபருக்கு மட்டும் உரியதன்று. 1899 மார்ச்சில் எருசலேம் நகரின் முன்னாள் தலைவர் யூசுப் தியா அல்-காலிதி, பிரான்சின் தலைமை ரபி சாதோக் கானுக்கு எழுதிய மடல் ஹெர்சலின் பார்வைக்குச் சென்றது. யூதரின் வேட்கை கொள்கையளவில் நேர்மையானதே என ஏற்ற காலிதி, அந்நாட்டில் ஏற்கெனவே மக்கள் வாழ்வதைச் சுட்டிப் பாலஸ்தீனத்தை அமைதியாக விட்டுவிடுமாறு வேண்டினார். யூதர் வரவால் அங்குள்ளோரின் செல்வம் பெருகும் என்று ஹெர்சல் விடையிறுத்தார். ஒப்புதலைக் கேட்டவருக்கு நன்மையை விடையாக அளிக்கும் இவ்வழக்கே நாற்பது ஆண்டுகளுக்குப்பின் பூபரிடம் சமய மொழியில் மீண்டும் தோன்றுகிறது.

விவாதத்தில் இடம்பெறாத குரல்

காந்தி அரபு மக்களுக்காகப் பேசினார். பூபர் அவர்களோடு பேச விரும்பினார். ஆனால் இவ்விவாதத்தில் அவர்களே பேசவில்லை. காந்தி எழுதிய அதே 1938இல், எருசலேமில் வாழ்ந்த ஜார்ஜ் அந்தோனியஸ் ‘அரபு விழிப்பு’ என்னும் நூலை வெளியிட்டார். ஐரோப்பாவில் யூதர் படும் துன்பம் அதனை இழைத்தோருக்கும் நவீன நாகரிகத்திற்கும் இழுக்கு. அதனைத் தீர்க்கும் பொறுப்பு நாகரிக உலகம் முழுவதற்கும் உரியது. பெருஞ்சுமையைப் பாலஸ்தீனத்தின்மீது சாய்ப்பது கடமையிலிருந்து நழுவும் செயல் என்பது அந்நூலின் இறுதிப்பகுதி முன்வைக்கும் வாதம்.

காந்தியும் பூபரும் தவறவிட்ட இணைப்பு இங்குள்ளது. யூதரின் தேவையை அந்தோனியஸ் குறைத்து மதிப்பிடவில்லை. அரபு மக்களின் உரிமையையும் விட்டுக்கொடுக்கவில்லை. கடன் யாருடையது என்னும் வினாவை எழுப்பியதன் வாயிலாக, தேவையிலிருந்து நிலவுரிமைக்குத் தாவும் தருக்கத்தின் இடைவெளியை அவர் வெளிப்படுத்தினார்.

புகலிடமும் அரசும்

ஒப்புதல் என்னும் அளவுகோலும் முழுமையானதன்று என்பதை அடுத்த நிகழ்வு காட்டியது. 1939 மே மாதத்தில் பிரித்தானியா வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஐந்தாண்டுகளில் 75,000 யூதரையே அனுமதிக்கும் என்றும், அதன்பின் அரபு மக்களின் இசைவின்றிக் குடியேற்றம் இல்லை என்றும் அறிவித்தது. காந்தி கூறிய கொள்கை பேரரசின் ஆணையாக வந்தபோது, தப்பியோடுவோரின் முகத்தில் அறையப்பட்ட கதவாயிற்று. பிற நாடுகளும் தத்தம் கதவுகளை மூடியிருந்தமையே அதனைக் கொடியதாக்கியது.

சியோனியரின் மிக வலிய வாதம் இங்கிருந்தே பிறக்கிறது. பிறர் அருளால் கிடைக்கும் புகலிடம் எந்நேரமும் பறிபோகலாம். தமக்கெனக் குடியேற்ற அதிகாரம் கொண்ட அரசு வேண்டும் என்றனர். 1942 மே மாதப் பில்ட்மோர் தீர்மானம் அதனை வெளிப்படையான குறிக்கோளாக்கியது. இதற்கு மாற்றாக மாக்னஸும் பூபரும் அவ்வாண்டே ‘இகூத்’ அமைப்பின் வழியாக இருதேசியக் கொள்கையை முன்வைத்தனர். இருதரப்பிலும் அதற்குப் போதிய துணை கிட்டவில்லை.

புகலிடத்திற்கான உரிமையும் ஆட்சிக்கான உரிமையும் வேறு. உயிர் காக்கும் தேவை முன்னதை நிறுவுகிறது. பின்னதை நிறுவ, அவ்வாட்சிக்கு உட்படுவோரின் இசைவும் வேண்டும். புகலிடம் நிலையற்றது என்னும் வாதம் அரசின் தேவையை விளக்குகிறதேயன்றி, அதற்கான விலையைப் பிறர் செலுத்துவதை நியாயப்படுத்தவில்லை. 1947 நவம்பர் 29ஆம் நாள் ஐ.நா. பொதுச்சபை பிரிவினைத் தீர்மானத்தை ஏற்றது; 1948 மே 14ஆம் நாள் இஸ்ரேல் அறிவிக்கப்பட்டது. அப்போரின் காலத்தில் 7 லட்சத்திற்கும் மேற்பட்ட பாலஸ்தீனியர் வீடிழந்தனர். புகலற்றோரின் சிக்கலைத் தீர்த்த வழியே புதிய புகலற்றோரை உருவாக்கியது.

முடிவுரை

காந்தியின் அளவுகோல் பேரரசின் அநீதியைச் சரியாக அடையாளம் கண்டது. அழிவின் விளிம்பில் நின்றவருக்கு வழிகாட்டவில்லை. பூபர் அவ்வழிவை உணர்ந்தார். ஆனால் ஒப்புதல் இருக்க வேண்டிய இடத்தில் உழைப்பையும் பயனையும் வைத்தார். தேவை மெய்யானது என்பதாலேயே அதற்கான விலையை யார்மீதும் சுமத்தலாம் என்றாகாது. உரிமை மெய்யானது என்பதாலேயே வாயிலில் நிற்பவரைக் காணாதிருக்கலாம் என்றும் ஆகாது. எவியானில் கதவடைத்த நாடுகளின் பொறுப்பை இவ்விவாதத்தின் மையத்திற்குக் கொணரும்போதுதான் இவ்விரு உண்மைகளையும் ஒருசேர ஏற்க இயலும். காந்தி – பூபர் மடல்களை அந்தோனியஸின் நூலோடு இணைத்துப் படிக்க வேண்டிய தேவை இதனாலேயே எழுகிறது.