குழந்தைத் தொழில் வாதமும் காஞ்சிப் பட்டும்: காப்பு வரி குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

புதிய தொழிலொன்று தன் காலில் நிற்கும்வரை அயல்நாட்டுப் போட்டியிலிருந்து அதைக் காக்க வேண்டும் என்பது குழந்தைத் தொழில் வாதம். ஹாமில்டன் (1791), ஃபிரெடெரிக் லிஸ்ட் (1841) ஆகியோர் இதனை வளர்த்தனர். தடையற்ற வணிகத்தை ஆதரித்த ஜான் ஸ்டூவர்ட் மில்லும் (1848) தற்காலிகக் காப்பை ஏற்றார். 'உள்நாட்டுத் தொழில்' என்பது ஒரே நலன் கொண்டது என இவ்வாதம் கொள்கிறது. காஞ்சிபுரப் பட்டு நெசவில் அக்கொள்கை பொருந்தவில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

காப்பின் வரலாறு

இந்திய நிதிக்கொள்கை ஆணையம் 1922இல் காப்புக்கு மூன்று நிபந்தனைகளை விதித்தது. தொழிலுக்கு இயற்கை வசதிகள் இருத்தல் வேண்டும். காப்பின்றி அது வளர இயலாதிருத்தல் வேண்டும். இறுதியில் காப்பின்றியே உலகப் போட்டியைத் தாங்குதல் வேண்டும். பட்டுப்புழு வளர்ப்பு 1934இல் சட்டவழிக் காப்பைப் பெற்றது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் அதற்குக் காப்பு தேவைப்பட்டது. மூன்றாம் நிபந்தனை நிறைவேறவில்லை என்பதை இது காட்டுகிறது.

ஒரே வரி, இரு விளைவு

2011ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை கச்சாப் பட்டின் இறக்குமதி வரியை 30 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைத்தது. பட்டுக்கூட்டின் விலை சரிய, கர்நாடக விவசாயிகள் போராடினர். 2013இல் வரி 15 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. விவசாயிக்கு வேலியாக அமைந்த இவ்வரி, நெசவுத் தொழிலுக்கு மூலப்பொருட் செலவாயிற்று. கூலிக்கு நெய்பவர் நூலை விலைக்கு வாங்குவதில்லை எனினும், நூல்விலை ஏறும்போது அவருக்குக் கிடைக்கும் பாவும் வேலைநாளும் குறையக்கூடும்.

வரியை நீக்கினால் நெசவாளர் வாழ்வார் என்னும் எதிர்வாதமும் குறையுடையதே. மலிவான நூல் கைத்தறிக்கு மட்டுமன்றி விசைத்தறிக்கும் கிடைக்கும். கைத்தறியின் முதன்மைப் போட்டியாளர் உள்நாட்டிலேயே இருப்பதை உணர்ந்துதான் 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. பன்னூற்றாண்டு மரபுடைய கைத்தறி நெசவைக் குழந்தைத் தொழில் எனல் பொருந்தாது. அதற்கான காப்பை வளர்ச்சியின் பெயரால் அன்றி, வாழ்வாதாரத்தின் பெயராலும் திறனின் பெயராலுமே நியாயப்படுத்த இயலும். இவ்விரண்டையும் ஒரே வாதத்தில் அடக்குவதே நம் விவாதங்களின் பிழை எனலாம்.

முடிவுரை

முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) வாரிய உறுப்பினருக்கு 360 நாள் பதவிக்காலம் வகுத்தன, கணக்குக் காட்டாதவரை மீண்டும் தேர்ந்தெடுக்கத் தகுதியற்றவராக்கின. காப்பும் சமூகம் அளிக்கும் ஒரு பொறுப்பே. குழந்தைத் தொழிலெனக் காப்புப் பெறுவதற்குக் கால எல்லையும் கணக்கும் வேண்டும். வாழ்வாதாரத்துக்காகக் காக்கப்படுவதற்குக் கால எல்லை பொருந்தாது; ஆயினும் அக்காப்பின் பயன் நெய்பவரின் கையை எட்டியதா என்னும் கணக்கு அதற்கும் வேண்டும்.