மயக்கத்தில் அளந்த கல்லீரல்

மயக்க மருந்தில் கிடக்கிறது ஒரு நாய். வயிற்றைக் கீறி, குடலை உப்புநீரில் நனைத்த துணியால் ஒதுக்கி, போர்ட்டல் சிரையைச் சுற்றி ஓட்டமானியின் வளையத்தை மாட்டியிருக்கிறார்கள். குளுக்ககான் என்ற ஹார்மோனைச் செலுத்துகிறார்கள், திரையில் கோடு ஏறுகிறது. 'குளுக்ககான் கல்லீரலுக்கான ரத்த ஓட்டத்தைக் கூட்டும்' என்று பாடநூலில் ஒரு வரி சேர்கிறது. அந்த வரியை எவ்வளவு தூரம் நம்பலாம்?

இந்த முறையின் பெருமையை முதலில் சொல்லிவிட வேண்டும். 1902-இல் லண்டனில் உடலியலாளர்கள் பேலிஸும் ஸ்டார்லிங்கும் செக்ரிட்டின் என்ற ஹார்மோனைக் கண்டறிந்தது மயக்கமூட்டிய நாயில்தான். கல்லீரலுக்கு ரத்தம் இரு வழியாக வருகிறது: ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக, மீதி கல்லீரல் தமனி வழியாக. ஒரு ஹார்மோன் எந்த வழியைத் திறக்கிறது, எதை அடைக்கிறது என்று பிரித்துப் பார்க்க வயிற்றைத் திறந்த ஆய்வைப் போல் உதவியது வேறில்லை. வாசோபிரஸ்ஸின் என்ற ஹார்மோன் குடலுக்குச் செல்லும் தமனிகளைச் சுருக்குவதால்தான் போர்ட்டல் ஓட்டம் குறைகிறது என்ற தெளிவு சிறிய பேறல்ல. கல்லீரல் நோயாளிகளின் உணவுக்குழாய்ச் சிரை வெடித்து ரத்தம் கொட்டும்போது, வாசோபிரஸ்ஸினின் உறவு மருந்தான டெர்லிப்பிரஸ்ஸினை இன்றும் கொடுக்கிறார்கள்.

ஆனால் குறை அந்த மேசையிலேயே இருக்கிறது. வயிற்றைக் கீறிய மாத்திரத்தில் விலங்கின் உடல் அட்ரினலினையும் வாசோபிரஸ்ஸினையும் தானே சுரக்கத் தொடங்கிவிடுகிறது. ஹாலோத்தேன் போன்ற மயக்க மருந்துகள் கல்லீரல் ஓட்டத்தை ஏற்கெனவே குறைத்திருக்கும். ஹார்மோன்கள் நிரம்பிய உடலில் இன்னொரு ஹார்மோனை ஊற்றி, கிடைத்த மாற்றம் முழுவதையும் பின்னதன் கணக்கில் எழுதுவது எப்படிச் சரியாகும்? அளவோடு, செலுத்தும் வழியும் கவனிக்க வேண்டியது. குளுக்ககான் கணையத்திலிருந்து நேரே போர்ட்டல் ரத்தத்தில் கலந்து கல்லீரலைத்தான் முதலில் சேரும். அதைக் கால் சிரையில் ஏற்றினால் பாதையே மாறிவிடுகிறது.

ஒரே குழாயை அளப்பதிலும் ஏமாற்றம் உண்டு. போர்ட்டல் ஓட்டம் குறைந்தால், அடித்துச் செல்லப்படாமல் தேங்கும் அடினோசின் கல்லீரல் தமனியை விரிக்கும். பூனைகளில் இதை விரிவாக ஆராய்ந்தவர் லாட் என்ற உடலியலாளர். தமனி விரிந்ததைக் கண்டு 'ஹார்மோன் விரித்தது' என்று எழுதினால் முடிவே தலைகீழாகும். விலங்குக்கு விலங்கு அமைப்பும் வேறு. நாயின் கல்லீரல் சிரைகளில் சுருங்கக்கூடிய தசை வலுவானது, பல விலங்குகளில் அப்படியில்லை. நாயில் கண்டதை எல்லா விலங்குக்கும் நீட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

விழித்திருக்கும் விலங்கு என்ன சொல்லும் என்பதற்குப் பசு சான்று. 2002-இல் விஸ்கான்சின் ஆய்வாளர்கள் சாயத்தை ரத்தத்தில் ஏற்றி, கல்லீரல் அதை நீக்கும் வேகத்தை வைத்து ஓட்டத்தைக் கணக்கிட்டார்கள். கறவை வற்றிய பசுவில் மணிக்கு 750 லிட்டர் அளவில் இருந்த ஓட்டம், கறவைப் பசுவில் 1,500 லிட்டரைத் தாண்டியது. தீனி தின்றதும் இன்னும் ஏறியது. ஓட்டம் கூடக்கூடக் கல்லீரல் புரோஜெஸ்டிரோனையும் ஈஸ்ட்ரடயாலையும் வேகமாக அழித்தது. அதிகம் கறக்கும் பசு சினை பிடிக்கத் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஹார்மோன் ரத்த ஓட்டத்தை மாற்றுவதை மட்டுமே தேடிக்கொண்டிருந்த கண்ணுக்கு, ஓட்டம் ஹார்மோனை மாற்றுவது இங்கே தெரிந்தது. தீனி தின்னாத, மயங்கிய விலங்கில் இது எப்படித் தெரிந்திருக்கும்? சாய முறை மொத்த ஓட்டத்தை மட்டும் தரும், தமனியையும் சிரையையும் பிரிக்காது என்ற குறையையும் மறைக்க வேண்டியதில்லை.

மயக்கத்தில் செய்யும் ஆய்வு ஒரு ஹார்மோனால் எங்கே, என்ன செய்ய முடியும் என்பதைக் காட்டும். அன்றாடம் அது என்ன செய்கிறது என்பதற்கு அதைச் சாட்சியாக நிறுத்தக் கூடாது. ஓட்டமானியை முன்னரே பொருத்தி, புண் ஆறி, விலங்கு எழுந்து தின்னத் தொடங்கிய பிறகு அளப்பதே முதன்மை முறையாக வேண்டும். விலங்காய்வுக்கு ஒப்புதல் தரும் குழுக்கள் மயக்க மருந்தின் பெயர், ஹார்மோனின் அளவு, செலுத்திய வழி, இரு குழாய்களின் ஓட்டம் ஆகிய நான்கையும் கேட்டு வாங்கிய பிறகே கையெழுத்திட வேண்டும்.