சுடலைமுத்து எந்த ஊரான்? – ‘தோட்டியின் மகன்’ நாவலில் நகரத் துப்புரவும் தமிழ்ப் பெயர்களும்

தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘தோட்டியின் மகன்’ 1947இல் மலையாளத்தில் வெளிவந்தது. சுந்தர ராமசாமி இதனைத் தம் இளமைக்காலத்திலேயே தமிழாக்கினார். எனினும் அம்மொழிபெயர்ப்பு நூலுருப் பெற்றது 2000இல்தான். இசக்குமுத்து, சுடலைமுத்து, மோகனன் என மூன்று தலைமுறையினர் ஆலப்புழை நகரசபைக்கு மலம் அள்ளிய வரலாறே கதை. இதனை வர்க்கப் போராட்ட நாவலாக மட்டும் வாசித்து அமைவது போதாது என்பது என் கருத்து. நகரத் துப்புரவு என்னும் நிர்வாக ஏற்பாடு எவர் முதுகில் நின்றது என்பதை இத்துணை நுணுக்கமாகக் காட்டும் புனைவை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நீரூற்றிக் கழுவும் கழிப்பிடங்கள் பரவாத நகரம் அது. ஒவ்வொரு வீட்டின் பின்புறத்துக்கும் நாள்தோறும் ஓராள் வந்தாக வேண்டும். இரண்டு நாள் வராவிடில் ஊர் நாறும். அத்தகைய தொழிலாளி பேரம் பேசும் வலிமை மிக்கவனாக அன்றோ இருத்தல் வேண்டும்? அவ்வலிமையை நகரசபை எவ்வாறு இல்லாமற் செய்கிறது என்பதிலேதான் நாவலின் உயிர்நிலை உள்ளது. கூலியில் ஓவர்சியர் பிடித்துக்கொள்ளும் பங்கு ஒருபுறம். வாளியும் மண்வெட்டியும் தகப்பனிடமிருந்து மகனுக்குக் கைமாறும் வழக்கம் மறுபுறம். சங்கம் உருவாகும் வேளையில் அதனைக் கலைக்கச் சுடலைமுத்துவே கருவியாகிறான். அவன் நகரசபைத் தலைவரை நம்பி ஒப்படைத்த சேமிப்போ அவன் கைக்கு மீள்வதில்லை. தகழி அவனை வெறும் துரோகியாக்கவில்லை. தன் மகன் வாளியைத் தொடலாகாது என்னும் ஒரே வேட்கையே அவனைச் செலுத்துகிறது.

பெயர்களுக்கு வருவோம். இசக்கியும் சுடலையும் நெல்லை, குமரி வட்டாரத்துத் தெய்வங்கள். மலையாள வாசகருக்கு இப்பெயர்கள் அயலான் என்னும் முத்திரை. ஊர் தன் அழுக்கை அள்ள வெளியிலிருந்து ஆள் கொண்டுவந்ததற்குச் சான்று. தமிழாக்கத்தில் இது தலைகீழாகிறது. சுடலைமுத்து நம் உறவினனாக ஒலிக்க, ஊரே அயலாகிறது. மூலத்தின் கூர்மை இதனால் சற்றுக் குறைகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். (நான் முதலில் வாசித்தது ஆங்கில மொழிபெயர்ப்பை. சுடலைமுத்து என்பது எங்கள் பாட்டனார் ஊரில் தெருவுக்கொருவர் தாங்கிய பெயர் என்பது உறைக்கவே எனக்குப் பல பக்கங்கள் ஆயின.) ஆனால் இரு மொழியிலும் ஒன்று இழக்கப்படவில்லை: சுடலை என்பது சுடுகாடு, சுடலைமுத்து பின்னாளில் சுடுகாட்டுக் காவலனாகிறான். மகனுக்கு மோகனன் எனப் பெயரிட்டது இந்தப் பெயர்வழியிலிருந்து தப்பவே. தோட்டியின் பிள்ளைக்கு அப்பெயரா என ஊர் நகைக்கிறது. மகனும் இறுதியில் வாளியையே ஏந்துகிறான். ஆயின் தந்தையைப் போலப் பணிந்து அன்று.

நம் புலம்பெயர் இலக்கிய ஆய்வுகள் பெரும்பாலும் தேயிலை, இரப்பர், கரும்புத் தோட்டங்களோடு நின்றுவிடுகின்றன. கொழும்பு மாநகரசபையின் துப்புரவுக்கெனத் தமிழகத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்ட அருந்ததியரும், டர்பன் மாநகராட்சியின் இந்தியத் தொழிலாளர் வாழ்ந்த மேகசின் பாரக்ஸ் குடியிருப்பும் அவற்றில் அடிக்குறிப்பாகவே வருகின்றன. ஆலப்புழைத் தோட்டிகள் கடல் கடக்கவில்லை. மலை கடந்தனர், அவ்வளவே. மலையாளி ஒருவர் எழுதியதாலேயே நம் பட்டியல்களுக்கு வெளியே நிற்கும் இந்நாவலைப் புலம்பெயர் தமிழர் இலக்கியப் பாடத்திட்டங்களில் சேர்க்குமாறு பேராளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.