பகடிக்கு எஞ்சிய பழங்குடி

சிம்புதேவனின் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ (2010) மேற்கத்தியக் குதிரைவீரர் படங்களைப் பகடி செய்கிறது. கர்ணனின் ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ (1972) முதலிய தமிழ் முன்னோடிகளையும் நினைவூட்டுகிறது. ஜெய்சங்கர் பெயரிலேயே ஓர் ஊர் அதில் உண்டு.

ஜெரால்ட் தாமஸ் இயக்கிய ‘கேரி ஆன் கவ்பாய்’ (1965) எனும் பிரித்தானியப் படத்துடன் இதனை ஒப்பிடலாம். அங்குக் கழிவுநீர்ப் பொறியாளன் ஒருவன் காவல் அதிகாரியாகப் பிறழ உணரப்படுகிறான். இங்குச் சிங்காரம், சிங்கம் என்னும் வீரனின் இடத்தில் நிறுத்தப்படுகிறான். ஆள்மாறாட்டம் இரண்டற்கும் பொது. வேறுபாடு பழங்குடித் தலைவனிடத்தில் உள்ளது. சார்லஸ் ஹாட்ரி இறகுமுடி அணிந்தும் தம் இயல்பான ஆங்கிலத்திலேயே பேசுகிறார். அதனால் நகைப்புக்கு உள்ளாவது ஹாலிவுட் கட்டிய பொய்யுருவே, பழங்குடி அன்று. ஆயினும் அவ்வேடத்தை வெள்ளையரே ஏற்றமை மறக்கத்தக்கதன்று.

தமிழ்ப் படமோ மொழிபெயர்ப்பாளனை இடையில் நிறுத்திப் பழங்குடியின் மொழியையே நகைப்பொருளாக்குகிறது. குதிரைவீரனைக் கலைத்த பகடி இவ்விடத்தில் ஹாலிவுட்டுக்குப் பணிந்துவிடுகிறது. திரையரங்கில் நானும் சிரித்தேன்.

தமிழரும் வாழும் அந்தமானில் இக்காட்சி வேறு பொருள் கொள்ளும். சென்டினல் மக்களின் மொழி வெளியுலகிற்கு இன்றும் விளங்கவில்லை. அக்கா-போ மொழியின் கடைசிப் பேச்சாளர் போவா மூதாட்டி மறைந்தது 2010 சனவரியில். இப்படம் வெளிவந்தது அவ்வாண்டு மே மாதத்தில்.