மூலமும் பாடவேறுபாடும்

ஒரு நூல் யாவர்க்கும் எட்டுதல் வேறு. அதனை ஆராய்தற்குரிய சான்றுகள் எட்டுதல் வேறு. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் உழைப்பால் தமிழ் நூல்களை இணையத்தில் விலையின்றி வழங்கி வருகின்றது. அதன் பயன் பெரிது. எனினும், மூலம் மட்டும் கிடைப்பின் பாடத்தின் மெய்ம்மையை ஆராய்தல் இயலாது. 1937-இல் குறுந்தொகையைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பாடவேறுபாடுகளையும் உடன் தந்தார். தாம் கொண்ட பாடத்தை மறுக்கும் உரிமையைக் கற்பார்க்கு அளித்தார் என்பதே அதன் பொருள். அவர் தொகுத்த சுவடிகள், 1943-இல் அடையாற்றில் நிறுவப்பெற்றுப் பின்னர்ப் பெசன்ட் நகரில் அமைந்த அவர் பெயரிய நூலகத்தில் உள்ளன. நைந்த ஏடுகளைப் பலர் கையாளுதல் தகாது. அவற்றின் படிமங்களைக் காண்டற்கு அத்தடை இல்லை. மூலத்தை மட்டும் திறத்தல், பதிப்பாசிரியர் முடிபை ஏற்கச் செய்தலாகும். சான்றையும் உடன் திறத்தலே அறிவைப் பொதுவாக்குதல் என யாம் கருதுகின்றோம்.