69 பிரிவு, ஒரு செயலி: ஆப்சிடியனில் ஊதியச் சட்டம்

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 29 பழைய மத்தியச் சட்டங்கள் அவற்றுக்குள் அடங்கிவிட்டன. திருப்பூர் வட்டாரத்தில் மூலனூர், தாராபுரம், வெள்ளகோவில் பக்கம் பனியன் ஜாப் ஒர்க் எடுப்பவர்களும், அவர்களுக்குச் சம்பளக் கணக்கு எழுதுபவர்களும் அந்த பி.டி.எஃப்.களை வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்திருக்கிறார்கள். வாங்கி வைத்தது வைத்தபடியே இருக்கிறது. நான்கில் சின்னது 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு: 9 அத்தியாயம், 69 பிரிவு. அதை மட்டும் எடுத்து ஆப்சிடியன் என்ற குறிப்புச் செயலியில் பிரித்துப் போட்டு, ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போனிலும் பழைய லேப்டாப்பிலும் ஓட்டிப் பார்த்தேன்.

ஆப்சிடியன் 2020இல் வந்தது. உருவாக்கியவர்கள் ஷிடா லீ, எரிகா ஷூ. சொந்த உபயோகத்துக்கு எப்போதும் இலவசம்தான். 2025 பிப்ரவரியிலிருந்து அலுவலக வேலைக்கும் உரிமக் கட்டணம் கட்டாயமில்லை. நீங்கள் எழுதுவது உங்கள் கருவியிலேயே வெறும் எழுத்துக் கோப்பாக, மார்க்டவுன் வடிவத்தில் நிற்கும். மார்க்டவுன் 2004இல் ஜான் க்ரூபர் கொண்டுவந்த எளிய குறிமுறை: வரியின் முன்னால் # போட்டால் தலைப்பு. ஆப்சிடியனில் இரட்டைச் சதுர அடைப்புக்குள் ஒரு பெயரை எழுதினால் அந்தக் குறிப்புக்கு இணைப்பு. கற்றுக்கொள்ள ஒரு மதியம் போதும்.

வேலை வாங்குவது சட்டத்தை உள்ளே கொண்டுவருவதுதான். அரசிதழ் அச்சில் பிரிவுத் தலைப்புகள் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். அங்கிருந்து நகலெடுத்தால் அவை வாக்கியத்தின் நடுவில் வந்து செருகிக்கொள்கின்றன. பிரிவுக்கு மேலேயே தலைப்பு இருக்கும் பிரதியாகப் பார்த்து எடுங்கள். பாதிச் சிரமம் குறையும்.

அடுத்த சிக்கல் மார்க்டவுனுக்கே உரியது, சட்டம் படிப்பவருக்கு ஆபத்தானது. "17." என்று ஒரு வரி தொடங்கினால் அதை எண்ணிட்ட பட்டியல் என்று அது எடுத்துக்கொள்கிறது. முக்கியமான பிரிவுகளை மட்டும் ஒரே பக்கத்தில் 17, 45, 59 என்று அடுத்தடுத்து ஒட்டினால், படிக்கும் திரையில் 17, 18, 19 என்று காட்டும்! எச்சரிக்கை எதுவும் வராது. எண்ணுக்கும் புள்ளிக்கும் நடுவில் பின்சாய்கோடு ஒன்று போட்டால் சரியாகும்; எண்ணைத் தலைப்பு வரிக்கே ஏற்றிவிடுவது இன்னும் நல்லது. உட்கூறுகளை நான்கு இடைவெளி தள்ளி எழுதினாலும் வம்பு: அதை நிரல் வரிகள் என்று நினைத்துக் கட்டத்துக்குள் அடைத்துவிடும்.

எப்படிப் பிரிப்பது? ஒரு பிரிவுக்கு ஒரு கோப்பு. அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு என்று தொடங்குவது வசதியாகத் தெரியும், ஆனால் 15 முதல் 25 வரையுள்ள மூன்றாம் அத்தியாயம் முழுவதும் ஒரே கோப்பில் கிடந்தால் எந்த இணைப்பும் குறி தவறும். பெயரில் எண்ணை மூன்று இலக்கமாக வையுங்கள், இல்லாவிட்டால் வேறு மென்பொருளில் திறக்கும்போது 2க்கு முன்னால் 17 வந்து நிற்கலாம். நான்கு தொகுப்பிலும் 14ஆம் பிரிவு உண்டு என்பதால் முன்னெழுத்தும் வேண்டும். ஊதியத் தொகுப்புக்கு "ஊ-014", பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புக்கு "பா-027" என்று வைத்தேன்.

இணைப்பு போடுவதில்தான் இந்தச் செயலி தன் கூலியைச் சம்பாதிக்கிறது. வேலையை விட்டு நின்றவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும் என்கிறது 17(2). முடிக்காவிட்டால் எங்கே மனுப் போடுவது என்பது 45ஆம் பிரிவில் இருக்கிறது. அதற்கு மூன்று வருட அவகாசம். பணம் கொடுத்தாயிற்று என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி என்பது 59ஆம் பிரிவில். மூன்றும் மூன்று அத்தியாயத்தில் கிடக்கின்றன. பி.டி.எஃப்.பில் தேடினால் ஒவ்வொன்றாக அகப்படும், சேர்ந்து அகப்படாது. இங்கே 17ஐத் திறந்தால் மற்ற இரண்டும் ஒரு தட்டலில் வருகின்றன. 59ஐத் திறந்தால், எந்தெந்தக் குறிப்பு தன்னைச் சுட்டுகிறது என்று அதுவே பட்டியல் காட்டுகிறது.

கோப்புக்குக் கோப்பு இணைப்பு போதாத இடமும் உண்டு. ஊதியம் என்றால் என்ன என்று சொல்லும் வரையறை, 2ஆம் பிரிவின் ஒய் கூறு. போனஸ், பயணப்படி, வீட்டு வாடகைப்படி, ஓவர்டைம் என்று பலவற்றை அது ஊதியத்திலிருந்து கழிக்கிறது. பிறகு முதல் காப்புரை (விதிக்கு நிபந்தனை சேர்க்கும் வாசகம்) வருகிறது: (ஏ) முதல் (ஐ) வரை கழித்தவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டியது ஊதியத்தோடு சேரும். மொத்தம் 15,000, அதில் அடிப்படை 6,000, படிகள் 9,000 என்றால், பாதியான 7,500க்கு மேல் போன 1,500 திரும்பி வந்து ஊதியம் 7,500 ஆகிறது. அடுத்த காப்புரை இன்னும் நுணுக்கம்: ஆண் பெண் சம ஊதியத்துக்கும் சம்பளப் பட்டுவாடாவுக்கும் பார்க்கும்போது பயணப்படி, வாடகைப்படி, ஓவர்டைம் முதலியவை கணக்கில் சேரும். அதாவது 3ஆம் பிரிவிலிருந்தும் 17ஆம் பிரிவிலிருந்தும் வருகிறவர் இரண்டாவது காப்புரையில் போய் இறங்க வேண்டும், வரையறையின் தலைப்பில் அல்ல. பத்தியின் கடைசியில் ^ குறியும் ஓர் அடையாளமும் இட்டால் அந்தப் பத்திக்கே இணைப்பு தரலாம். இணைப்பின் முன்னால் ! போட்டால் அந்தப் பத்தி வந்து இந்தக் குறிப்பிலேயே தெரியும். மூலத்தில் ஒரு முறை திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்தும்.

இதே வசதியை ஓவர்டைம் பக்கத்துக்கும் பயன்படுத்தினேன். திருப்பூர் வட்டாரத்தில் சம்பளம் ஷிப்டில்தான் பேசப்படுகிறது: ஒரு ஷிப்ட், ஒன்றரை ஷிப்ட். எட்டு மணி நேர ஷிப்டுக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மேற்கொண்டு நான்கு மணி நேரம் நின்றால் அரை ஷிப்ட், 300 ரூபாய். 14ஆம் பிரிவின்படி கூடுதல் நேரத்துக்கு வழக்கமான விகிதத்தைப்போல் இரு மடங்குக்குக் குறையக் கூடாது. மணிக்கு 75 இரட்டித்து 150, நான்கு மணிக்கு 600. நாளுக்கு எட்டு மணி என்ற வரம்பு பாதுகாப்புத் தொகுப்பின் 25ஆம் பிரிவில் இருக்கிறது, இரட்டிப்பு அதன் 27இலும் வருகிறது. இவற்றை ஒரே பக்கத்தில் உட்பொதித்து, கீழே இந்தக் கணக்கை எழுதி வைத்தேன். சட்ட வாசகம் மேலே, என் சொல் கீழே, நடுவில் ஒரு கோடு. இந்தக் கோடு மிக முக்கியம். ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது எது சட்டம், எது நம் விளக்கம் என்று தெரியாமல் போனால் குறிப்பே வினை.

தமிழில் எழுதுபவருக்குச் சில இடைஞ்சல்கள் உண்டு. தலைப்பும் கோப்புப் பெயரும் தமிழில் தாராளமாக வைக்கலாம். பத்தி அடையாளம் மட்டும் இலத்தீன் எழுத்து, எண், இடைக்கோடு இவற்றுக்குள்தான் இருக்க வேண்டும். நான் ^17-2 என்று எண்ணிலேயே முடித்துக்கொண்டேன். "ஊதியம்" என்ற குறிப்புக்கு வாக்கியத்தின் நடுவே இணைப்பு தரும்போது அது "ஊதியத்தை" என்றோ "ஊதியத்தில்" என்றோ வரும். [[ஊதியம்|ஊதியத்தை]] என்று நேர்கோடு போட்டு எழுத வேண்டும். போனில் அந்தக் கோட்டைத் தேடுவதற்குள் பொறுமை போய்விடும். இணைக்காமல் விட்ட இடங்களைக் கண்டுபிடித்துத் தரும் வசதி இதே காரணத்தால் தமிழுக்கு அதிகம் உதவவில்லை. தேடும்போது "ஊதிய" என்று அடிச்சொல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கோப்பின் தலையில் "பழைய சட்டம்" என்று ஒரு பண்பு சேர்த்தது எதிர்பார்த்ததைவிடப் பயன்பட்டது. கணக்கு எழுதுகிறவர்களுக்கு 1936ஆம் வருட ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தின் 5ஆம் பிரிவு மனப்பாடம். இன்று அதன் இடத்தில் 17 இருக்கிறது. பிடித்தம் பற்றிய 7ஆம் பிரிவு இப்போது 18. 1965ஆம் வருட போனஸ் சட்டத்தின் குறைந்தபட்ச போனஸ் இப்போது 26. சதவீதம் அதே 8.33. பழைய எண்ணைத் தட்டினால் புதியது வருகிறது.

புள்ளிகளும் கோடுகளுமாகச் சிலந்திவலை காட்டும் வரைபடத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நண்பர்களிடம் காட்டலாம், வேறு உபயோகம் எனக்குத் தென்படவில்லை. ஆயிரக்கணக்கான துணைச் செருகிகளும் அப்படித்தான், அவற்றில் இறங்கினால் சட்டம் படிக்கிற வேலை நின்றுபோகும். போனுக்கும் லேப்டாப்புக்கும் தானாக ஒத்திசைக்க நிறுவனத்தின் சேவைக்கு மாதக் கட்டணம். ஒருவரே பயன்படுத்துவதானால் கேபிள் போட்டு நகலெடுத்தாலே போதும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்துவதற்கு இது ஏற்றதல்ல, அதற்கு கூகுள் டாக்ஸ் மேல்.

ஒரு கேள்விக்கு ஒரு பதில் தேவைப்படுகிறவர் பி.டி.எஃப்.பிலேயே தேடிக்கொள்ளலாம். வாராவாரம் சனிக்கிழமை சம்பளம் போடுகிறவர், தொழிற்சங்கத்தில் மனு எழுதுகிறவர், சட்டக் கல்லூரி மாணவர் இந்த மூவருக்கும் நிறுவிப் பார்க்கச் சொல்வேன். 69 பிரிவையும் ஏற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்றில்லை. 2, 14, 17, 18, 45, 59 இந்த ஆறை முதலில் போடுங்கள். மாநில விதிகளுக்கு இப்போதே தனிக் கோப்புறை ஒன்று திறந்து வையுங்கள், ஏனென்றால் விதி வகுக்கும் அதிகாரத்தை 67ஆம் பிரிவு அரசுக்குக் கொடுத்திருக்கிறது. எந்தப் பதிவேடு, எந்தப் படிவம் என்பதெல்லாம் அங்கிருந்துதான் வரும்.