துள்ளிசையும் மறதியும்: ஈழத்துத் தமிழ்ப் பொப் பாடல்கள் பற்றிய ஒரு நோக்கு

இளமையிற் கேட்ட பாடல்களைத் திறனாய்வுக்கு உட்படுத்துவது எளிதன்று. பாடலின் தகுதி எது, அதனைக் கேட்ட பருவத்தின் இனிமை எது எனப் பிரித்தறிதல் கடினம். 1960களின் பிற்பகுதியிலே தோன்றி, 1970களில் நாடெங்கும் ஒலித்த ஈழத்துத் தமிழ்ப் பொப் பாடல்கள் இத்தகையன. இன்று அவற்றை நினைவுகூர்வோர் பலர், இனங்கள் கூடி வாழ்ந்த ஒரு காலத்தின் சான்றாகவே அவற்றைக் காட்டுகின்றனர். இக்கூற்று எவ்வளவு பொருந்தும் என்பதே இங்கு ஆராயற்பாலது.

இப்பாடல்களின் தாளம் பைலாவிலிருந்து பெறப்பட்டது. போர்த்துக்கேயர் ஆட்சியின் எச்சமாக வழங்கிவந்த அவ்வாடலிசையை வொலி பஸ்தியன் முதலியோர் சிங்கள மக்களிடையே நிலைபெறச் செய்தனர். மூன்ஸ்டோன்ஸ் குழுவினர் மின் கிற்றாரைக் கொண்டு சிங்கள மெல்லிசைக்குப் புதுவடிவம் அளித்த காலத்தையொட்டியே, நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோர் தமிழிற் பாடி முன்வந்தனர்.

அவர்களது சாதனை மொழி சார்ந்தது. 1960களின் தொடக்கத்தில், பேச்சுத் தமிழ் இலக்கியத்தில் இடம்பெறலாமா என்னும் மரபுப் போராட்டம் நமது எழுத்தாளரிடையே கடுமையாக நிகழ்ந்தது. அவ்விவாதத்தின் சூடு ஆறுமுன்னரே, 'சின்ன மாமியே' பாடலில் ஓர் இளைஞன் மாமியிடம் அவள் மகளைப் பற்றி ஊர்ப் பேச்சிலேயே விசாரித்தான். நாடு முழுவதும் அதனைப் பாடியது. தென்னிந்தியச் சினிமாப் பாடலின் மொழியே பாடலுக்குரிய மொழி என்றிருந்த எண்ணம் அன்று தளர்ந்தது. இதனைச் சிறு சாதனை எனத் தள்ளிவிட முடியாது.

1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டபின் கசெற் கருவிகள் சிற்றூர்களையும் அடைந்தன. எமது சிறுபராயத்தில், குண்டசாலைச் சந்தியின் தேநீர்க் கடையொன்றில் 'சுராங்கனி' நாள்தோறும் ஒலிக்கும். மீன் கொண்டுவந்திருப்பதாக ஒரு பெண்ணை அழைக்கும் அப்பாடலில் சிங்களமும் தமிழும் கலந்து வரும். கடைக்காரர் சிங்களவர், மேசைகளில் முஸ்லிம்களும் தமிழரும் இருப்பர், எல்லோரும் தாளமிடுவர். 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' திரைப்படத்தின் வழியாக அப்பாடல் தமிழகத்தையும் எட்டியிருந்தது.

ஆயினும் அக்கடையைச் சூழ்ந்திருந்த வாழ்வு வேறு. ரஜவெல்லை, பல்லேகலைத் தோட்டங்களின் லயன்களில் வாழ்ந்தோரின் மொழியோ துயரோ அப்பாடல்களில் இல்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. நாம் தாளமிட்ட அதே ஆண்டுகளில், மலையகத்து மக்கள் குடும்பம் குடும்பமாகக் கோச்சியேறித் தலைமன்னார் சென்று கப்பலேறினர். கொண்டாட்டத்திற்குரிய பாடலிடம் இத்தகைய துயரை எதிர்பார்ப்பது முறையா எனச் சிலர் வினவலாம்.

இவ்வினாவுக்கு மறுமொழி பிறநாட்டு உதாரணமொன்றிற் கிடைக்கின்றது. இங்கிலாந்தின் கொவென்றி நகரில், கறுப்பினத்தவரும் வெள்ளையரும் இணைந்த 'த ஸ்பெஷல்ஸ்' குழுவினர் 1979இல் தமது முதல் இசைத்தட்டை வெளியிட்டனர். புதிய அலை இசை பரவிய அக்காலத்தில், ஜமெய்க்காவின் ஸ்கா தாளத்தை அவர்கள் கையாண்டனர். ஆடத்தூண்டும் அவ்விசையிலேயே நிறவெறியையும் வேலையின்மையையும் பாடினர். 1981 ஜூலையில் அந்நாட்டு நகரங்களிற் கலவரம் மூண்டபோது, பாழடைந்த நகரைப் பற்றிய அவர்களது பாடலே விற்பனையில் முதலிடத்தில் இருந்தது. துள்ளிசை துயரைத் தாங்காது என்பது, ஆதலின், பொருந்தாத வாதம்.

இங்கோ தாளம் பகிரப்பட்டது, வாழ்வு பகிரப்படவில்லை. 1983 ஜூலையில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. மனோகரன் 2018 ஜனவரியிற் சென்னையிற் காலமானபோது, சிங்களவரும் தமிழரும் 'சுராங்கனி'யை அன்போடு நினைவுகூர்ந்தனர். அதே ஆண்டு மார்ச்சில், குண்டசாலைக்கு அண்மையிலுள்ள திகனையில் முஸ்லிம்களின் உடைமைகள் தீக்கிரையாயின.

இவற்றுக்குப் பாடல்களைக் குற்றவாளியாக்குதல் தகாது. பேச்சுத் தமிழுக்கு மேடையளித்த பெருமை அவற்றுக்கு என்றும் உரியது. ஆனால், சேர்ந்து தாளமிட்டதைச் சேர்ந்து வாழ்ந்ததாகக் கொள்வது நமது நினைவின் பிழை. பிறர் துயரை அறியாத ஒற்றுமை பாடல் முடியும்வரையே நிலைக்கும் என்பதையும் அப்பாடல்களின் வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.